மேசைக்கு மேல் மிஞ்சும் சுவர்: ஆய்வகக் கருவி ஸ்டாலுக்கு பேக்டிராப் அமைப்பது

கண்காட்சி ஸ்டாலின் சுவரை நிரப்பும் அச்சுப் படம்தான் பேக்டிராப். அதைச் செய்யக் கேட்டு வரும் மெயிலில் பெரும்பாலும் ஒரு கேட்லாக், ஒரு லோகோ, ஏழெட்டுச் சான்றிதழ் முத்திரைகள், வாட்ஸப்பில் சுருங்கிப்போன சில படங்கள் இருக்கும். கூடவே ஒரு வரி: "எல்லா புராடக்டும் வர்ற மாதிரி பண்ணிடுங்க." அப்படியே செய்துகொடுத்தால் முதலாளிக்குச் சந்தோஷம்தான். ஆனால் கண்காட்சி அன்று அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு மேசை போடுவார்கள். மேசை மேல் கருவி ஏறும். கருவிக்குப் பக்கத்தில் டை கட்டிய இரண்டு பேர் நிற்பார்கள். பதினான்கு புராடக்டில் பத்து அவர்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

அதனால் டிசைன் மென்பொருளான கோரல் டிராவைத் திறக்கும் முன் டேப்பை எடுத்துக் கணக்குப் போட்டுவிடுவது நல்லது. உதாரணத்துக்கு ஒன்றைப் பிடித்துக்கொள்வோம். அம்பத்தூரில் ஸ்டெபிலிட்டி சேம்பர் செய்யும் சிறிய கம்பெனி ஒன்று, ஹைதராபாத் ஹைடெக்ஸில் நடக்கும் ஆய்வகக் கருவிக் கண்காட்சியில் 9 சதுர மீட்டர் ஸ்டால் எடுத்திருக்கிறது என்று வைப்போம். மாத்திரையும் மருந்தும் எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்று பார்க்க, குறித்த வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் மாதக்கணக்கில் அவற்றை வைத்திருக்கும் பெட்டிதான் ஸ்டெபிலிட்டி சேம்பர். ஹைதராபாத்தைச் சுற்றி மருந்துக் கம்பெனிகள் நிறைய. ஸ்டால் பக்கம் வருகிறவர்களில் கணிசமானவர்கள் க்யூசி (தரக் கட்டுப்பாடு) ஆட்கள், மீதி பர்ச்சேஸ் ஆட்கள்.

ஷெல் ஸ்கீம் ஸ்டால் எடுத்தால் அமைப்பாளர் தருவது அநேகமாக எல்லா ஊரிலும் ஒன்றுதான். மூன்று பக்கம் வெள்ளைப் பலகைச் சுவர் (கார்னர் ஸ்டால் என்றால் இரண்டு பக்கம்), முன்னால் கம்பெனி பெயர் ஒட்டிய ஃபேசியா பட்டை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மூன்று ஸ்பாட்லைட், 5 ஆம்பியர் பிளக் ஒன்று. சுவர் ஆக்டனார்ம் வகை அலுமினியச் சட்டத்தில் நிற்கும். தூணின் கனம் 40 மி.மீ. ஒரு தூணின் நடுவிலிருந்து அடுத்த தூணின் நடுவுக்கு 990 மி.மீ. ஆகவே இரண்டு தூணுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியும் பலகை 950 மி.மீ. அகலம், ஏறக்குறைய 2350 மி.மீ. உயரம். அந்த "ஏறக்குறைய"வை அலட்சியம் செய்யக் கூடாது. காண்டிராக்டருக்குக் காண்டிராக்டர் 10, 20 மி.மீ. மாறும். பழைய சட்டமும் உள்ளூரில் வார்த்த சட்டமும் ஒரே ஹாலில் கலந்து நிற்பதும் உண்டு. எக்ஸிபிட்டர் மேனுவலில் போட்டிருக்கும் அளவு பலகையின் முழு அளவா, தூணுக்குள் செருகியது போக வெளியே தெரியும் அளவா என்று காண்டிராக்டரையே கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிவிட வேண்டும்.

இப்போது எவ்வளவு சுவர் மிஞ்சுகிறது என்று பார்க்கலாம். மேசை உயரம் 75 செ.மீ. அதன் மேல் வைக்கும் பெஞ்ச்டாப் மாடல் 70, 80 செ.மீ. இருக்கும். சராசரி ஆளின் தோள் 1.4 மீட்டர், தலை 1.7. தரையிலிருந்து 90 செ.மீ. வரை உள்ள பகுதியை யாரும் பார்க்கப் போவதில்லை. அங்கே வெறும் நிறம் போதும். 90 செ.மீ. முதல் 1.6 மீட்டர் வரை உள்ள பகுதி கருவிக்கும் ஆட்களுக்கும் பின்னால் விட்டு விட்டுத் தெரியும். படத்தின் அடிப்பகுதியை அங்கே இறக்கலாம், எழுத்து வைக்கக் கூடாது. 1.6-லிருந்து 2.35 வரை உள்ள முக்கால் மீட்டர்தான் எந்த நேரமும் தெரியும் பட்டை. சொல்ல வேண்டியதை எல்லாம் அந்தப் பட்டைக்குள் சொல்லிவிட வேண்டும். பக்கச் சுவர்கள் வேறு வகை. உள்ளே வந்தவர் பக்கத்தில் நின்று படிக்கும் இடம் அது. டேபிளும் ஃப்ளோ சார்ட்டும் மாடல் பட்டியலும் அங்கே போகட்டும்.

எழுத்தின் உயரத்துக்கு விளம்பரப் பலகைக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிது: 3 மீட்டர் தூரத்துக்கு 25 மி.மீ. நடைபாதை 3 மீட்டர், ஸ்டாலின் ஆழம் 3 மீட்டர் என்றால், எதிர் ஸ்டாலை ஒட்டி நடப்பவருக்கும் நம் பின்சுவருக்கும் 6 மீட்டர் இடைவெளி. அவர் நிற்காமல் படிக்க 50 மி.மீ. எழுத்து வேண்டும். அதற்குக் குறைவான எதையும் பின்சுவரில் வைப்பது மைக்கு வீண் செலவு. தலைப்பு வரி 120 மி.மீ. இருந்தால் 14 மீட்டர் தூரத்திலேயே படித்துவிடலாம். அந்த உயரத்தில் தடித்த ஆங்கில எழுத்து ஒன்று சராசரியாக 85 மி.மீ. அகலம் பிடிக்கும். 2.9 மீட்டர் சுவரில் 34 எழுத்து கொள்ளும், இரு ஓரத்திலும் மூச்சுவிட இடம் விட்டால் 28. மார்க்கெட்டிங் மேனேஜர் அனுப்பும் வாசகம் 28 எழுத்துக்குள் அடங்கி வந்ததாகச் சரித்திரம் இல்லை. இந்தக் கணக்கைக் காட்டினால்தான் வெட்ட ஒப்புக்கொள்வார்.

தலைப்பில் என்ன எழுதுவது? "உலகத் தரம்", "புதுமையே எங்கள் மூச்சு", "துல்லியத்தின் மறுபெயர்" போன்றவற்றை அந்த ஹாலில் உள்ள எல்லா ஸ்டாலிலும் பார்க்கலாம். ஸ்டெபிலிட்டி சேம்பருக்கு நான் வைப்பது வெறும் இரண்டு எண்: 40 டிகிரி, 75 சதம் ஈரப்பதம். மருந்துகளுக்கான சர்வதேச அமைப்பான ஐசிஹெச்சின் வழிகாட்டுதலில் விரைவுபடுத்திய சோதனைக்கு உரிய நிலை அது. ஆறு மாதம் அப்படியே பிடித்து வைக்க வேண்டும். வெளியாளுக்கு அந்த எண்கள் ஒன்றும் சொல்லாது. மருந்துக் கம்பெனி க்யூசி ஆளுக்கோ அது அன்றாடம் லாக் புக்கில் எழுதும் எண். 14 மீட்டர் தள்ளி நடக்கும்போதே அவர் தலை திரும்பிவிடும். கீழே இரண்டாவது வரியாக 60 மி.மீ. எழுத்தில் கருவியின் பெயரும் கொள்ளளவும். அவ்வளவுதான். பெட்டி என்ன செய்யும் என்று தெரியாதவரை இழுக்க வேண்டிய கண்காட்சி வேறு. அங்கே மாத்திரை அட்டையின் படம்தான் பெரிதாக வர வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வழிகாட்டுதல் அனுமதிக்கும் ஏற்ற இறக்கம் வெப்பத்துக்குக் கூட்டல் கழித்தல் 2 டிகிரி, ஈரப்பதத்துக்குக் கூட்டல் கழித்தல் 5 சதம். கம்பெனி அதைவிட நன்றாகச் செய்கிறது என்று காட்ட "கூட்டல் கழித்தல் 0.2" என்று பெரிதாகப் போடச் சொல்வார்கள். போடும் முன் கேட்க வேண்டும்: அது கன்ட்ரோலர் காட்டும் நுணுக்கமா, ஒரே புள்ளியில் நேரத்தோடு மாறும் அளவா, பெட்டிக்குள் மூலைக்கு மூலை உள்ள வித்தியாசமா? காலிப் பெட்டியிலா, சாமான் அடுக்கிய பிறகா? மூன்றும் வேறு வேறு எண்கள். வந்து நிற்கும் ஆள், பெட்டிக்குள் இடத்துக்கு இடம் அளந்து எழுதிய மேப்பிங் ரிப்போர்ட்டில் தினமும் கண் வைப்பவர். முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும். ஸ்டாலில் நிற்கும் சேல்ஸ் பையனுக்குப் பதில் தெரியாவிட்டால் அந்த எண்ணைச் சுவரில் ஏற்றாமல் இருப்பதே மேல்.

லோகோ பற்றியும் ஒரு வார்த்தை. பெயர் ஏற்கெனவே ஃபேசியாவில் இருக்கிறது. மேலே உள்ள முக்கால் மீட்டர் பட்டையில் பாதியை லோகோவுக்குக் கொடுக்கத் தேவையில்லை. டீலரும் வாடிக்கையாளரும் கை குலுக்கிப் போட்டோ எடுக்கும்போது இரண்டு தலைக்கு நடுவே தெரிகிற மாதிரி, 1.8 மீட்டர் உயரத்தில் 40 செ.மீ. அகலத்துக்கு ஒன்று வைத்தால் போதும். ஃபேசியாவில் வரும் பெயர், நாம் ஆன்லைன் படிவத்தில் தட்டியது எழுத்துக்கு எழுத்து அப்படியே வரும். அதில் பிழை இருந்தால் பிழையோடு.

அலகுகள் என்னும் கண்ணிவெடி

மற்ற துறை பேனரில் எழுத்துப் பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் போவார்கள். கருவிக் கம்பெனி பேனரில் அலகு பிழையாக இருந்தால், "இவர்கள் கருவி காட்டும் எண்ணை எப்படி நம்புவது?" என்ற கேள்வி உடனே வந்துவிடும். இந்தப் பிழைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் செய்வதில்லை. மென்பொருளும் டிசைனரின் அழகுணர்ச்சியும் சேர்ந்து செய்கின்றன.

டிசைனருக்கு எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போடுவது பிடிக்கும், கட்டம் கட்டமாக ஒழுங்காக இருக்கும். ஆனால் சின்ன எம்மும் பெரிய டபிள்யூவும் சேர்ந்தால் மில்லிவாட், இரண்டும் பெரிது என்றால் மெகாவாட். வித்தியாசம் 100 கோடி மடங்கு. கிலோவுக்குச் சின்ன கே, பெரிய கே என்றால் கெல்வின். பிஹெச்சில் முதல் எழுத்து சின்னது, இரண்டாவது பெரியது. வாக்கியத் தொடக்கத்தில் வந்தாலும் மாறாது. மைக்ரோவைக் குறிக்கும் மியூ இன்னும் வம்பு. சிம்பல் என்னும் எழுத்துருவில் எம் விசையைத் தட்டி மியூ வரவைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த எழுத்துரு பிரிண்ட் கடைக் கணினியில் மாறிப்போனால் மியூ இருந்த இடத்தில் சாதாரண எம் வந்து உட்கார்ந்துகொள்ளும். 50 மைக்ரோலிட்டர் பிப்பெட் 50 மில்லிலிட்டர் பிப்பெட் ஆகிவிடும். பார்வைக்கு எந்தக் கோளாறும் தெரியாது, அதனால் ப்ரூஃப் பார்ப்பவர் கண்ணில் படாது.

மைனஸ் குறிக்கு ஹைஃபனைத் தட்டினால், வரி மடியும் இடத்தில் ஹைஃபன் மேல் வரியிலேயே தங்கிவிட்டு 80 டிகிரி மட்டும் கீழே இறங்கும். டீப் ஃப்ரீசர் ஓவனாகிவிடும். மைனஸ் 20-லிருந்து 80 வரை என்பதை இரண்டு கோடு போட்டு எழுதினால், இரண்டாவது கோடு "வரை"யா மைனஸா என்று தெரியாது. அங்கே சொல்லாகவே எழுதிவிட வேண்டும். குழாய்களை வேகமாகச் சுழற்றிக் கலவையைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜுக்கு வெறும் ஆர்பிஎம் போட்டால் பாதித் தகவல்தான். நிமிடத்துக்கு 10,000 சுற்று என்பது 10 செ.மீ. ஆரமுள்ள ரோட்டரில் (குழாய்களைத் தாங்கிச் சுழலும் பாகம்) புவியீர்ப்பைப் போல் ஏறக்குறைய 11,180 மடங்கு விசை. ஆரம் பாதியானால் விசையும் பாதி. ஆய்வகத்தில் உள்ளவர் கேட்பது அந்த மடங்கைத்தான்.

வழி ஒன்றுதான். கம்பெனியின் டெக்னிக்கல் ஆள் ஒருவர், மார்க்கெட்டிங் ஆள் அல்ல, அலகுகளை மட்டும் தனித் தாளில் பேனாவால் எழுதித் தர வேண்டும். கடைசிக் கோப்பில் எழுத்தை எல்லாம் கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக, மாற்றிய பிறகு, மாற்றிய அந்தக் கோப்பையே அந்தத் தாளோடு ஒப்பிட வேண்டும். மாற்றுவதற்கு முன் பார்த்த ப்ரூஃப் கணக்கில் வராது. பள்ளி ஆய்வகச் சாமான் விற்கும் கம்பெனிகள் தமிழிலும் பேனர் போடுவார்கள். அதற்கும் இதே விதி. தென்னாசிய எழுத்துக்கான அமைப்பு இயக்கப்படாத போட்டோஷாப்பில் யூனிகோடு தமிழைக் கொட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறிக் கிடக்கும்.

படங்கள்

வெப்சைட்டிலிருந்து எடுத்த படம் 800 பிக்சல் அகலம் இருக்கும். அதை ஒரு மீட்டருக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 20 பிக்சல்தான் தேறும். எதிர் ஸ்டாலிலிருந்து பார்த்தாலே மங்கல் தெரியும். கண்ணின் பிரித்தறியும் திறனை ஒரு கோணக் கலை (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) என்று கொண்டால் 3 மீட்டர் தூரத்தில் 0.87 மி.மீ., ஒரு மீட்டரில் 0.29 மி.மீ. அதாவது 3 மீட்டருக்கு அங்குலத்துக்கு 30 பிக்சல் போதும், ஒரு மீட்டருக்கு 87 வேண்டும். ஆள் சுவரை ஒட்டி வந்துவிடும் இடம் இது என்பதால் 100 என்று வைத்துக்கொள்வது பத்திரம். 300 கேட்பவர் புத்தக அச்சுக்கான கணக்கை இங்கே தூக்கி வருகிறார். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம், 100 பிக்சல் கணக்கில் 1.5 மீட்டருக்கு 1 மீட்டர் வரும். ஒரு கருவிக்கு அது தாராளம்.

மங்கலான படத்தை ஏஐ கொண்டு பெரிதாக்கித் தருவதாகச் சொன்னால், கருவியின் முகப்புப் பலகையை உற்றுப் பார்த்த பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும். எழுத்து இருந்த இடத்தில் எழுத்து மாதிரி ஏதோ ஒன்று இருக்கும். ஏஐ வரைந்த ஆய்வகப் படம் இன்னும் மோசம். அளவு ஜாடியில் கோடுகள் சமமாக இருக்காது, எண்கள் கீழிருந்து மேலே ஏறாது.

புதிதாகப் படம் எடுப்பதென்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் பெரிய தலைவலி. போட்டோகிராஃபர், ஜன்னல், மின்விசிறி எல்லாம் அதில் தெரியும். போலரைசிங் ஃபில்டர் கண்ணாடியில் தெரியும் பிரதிபலிப்பைத் தணிக்கும், வெற்று உலோகத்தில் பெரிதாக உதவாது. இரண்டு பக்கமும் வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை நிறுத்தி, ஸ்டீலுக்கு அந்த வெள்ளையை மட்டுமே பார்க்கக் கொடுப்பதுதான் வழி. ஸ்டீல் தகட்டின் மேல் ஒட்டி வரும் நீலப் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டார்களா என்று மூலை முடுக்கில் தேட வேண்டும். சேம்பர் கதவின் ரப்பர் ஓரத்தில் ஒரு கீற்று எப்போதும் தங்கியிருக்கும். ஏழு கோட்டு எல்இடி எண்கள் விட்டு விட்டு எரிபவை என்பதால் வேகமான ஷட்டரில் 8 என்பது பாதியாகவே விழும். டிரைபாடில் வைத்து 1/15 வினாடி கொடுத்தால் முழுதாக வரும். சேம்பரை முன்கூட்டியே ஓடவிட்டு, திரையில் 40.0, 75.0 வந்த பிறகு எடுக்க வேண்டும். தலைப்பில் 40 என்று எழுதிவிட்டு, கீழே படத்தில் 28.3 என்று அறை வெப்பம் காட்டினால் நன்றாகவா இருக்கும்?

இணையத்தில் விலைக்கு வாங்கும் ஸ்டாக் படங்களில் உள்ள அபத்தங்களைத் தனியே பட்டியல் போடலாம். கண்ணாடி, கையுறை இல்லாமல் அமிலம் ஊற்றும் அழகான பெண், குடுவை நிறைய நீல நிறத் தண்ணீர், சென்ட்ரிஃபியூஜில் எதிர்ப்பக்கம் சமன் இல்லாமல் வைத்த ஒற்றைக் குழாய். எல்லாவற்றிலும் பிரசித்தம் டிஎன்ஏ சுருள். வழக்கமான பி வடிவ டிஎன்ஏ வலக்கைத் திருகு, சாதாரண மரைபோல. ஸ்டாக் படங்களில் இடக்கைத் திருகு ஏராளம். சரியான படத்தை வாங்கியிருந்தாலும் லேஅவுட்டுக்கு வசதியாக டிசைனர் அதை இடம் வலமாகப் புரட்டினால் தவறாகிவிடும். அதே புரட்டலில் கருவியின் கதவுக் கீல் வலப்பக்கமிருந்து இடப்பக்கம் போகும், மேசை மேல் நிஜமாக இருக்கும் கருவியோடு ஒத்துப்போகாது. டிஎன்ஏவோடு தொடர்பே இல்லாத ஸ்டெபிலிட்டி சேம்பருக்கு அந்தச் சுருள் எதற்கு என்பது வேறு கேள்வி. விஞ்ஞானம் என்றால் சுருளும் அறுகோணமும் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள்.

தூணில் தொலையும் 40 மி.மீ.

பலகை பலகையாக வினைல் ஒட்டும் ஸ்டாலில் அதிகம் நடக்கும் தவறு இது. மூன்று பலகை, ஒவ்வொன்றும் 950 மி.மீ. டிசைனர் 2850 மி.மீ. அகலத்துக்குப் படம் செய்து மூன்றாக வெட்டிக் கொடுத்துவிடுவார். திரையில் பார்க்க ஒரே படம். சுவரில் ஏற்றியதும் ஒவ்வொரு தூணிலும் படம் 40 மி.மீ. விலகும். 45 டிகிரி சாய்ந்த கோடு தூணுக்கு அந்தப் பக்கம் 40 மி.மீ. மேலேயோ கீழேயோ தொடங்கும். ரோட்டரின் வட்டம் முட்டையாகும். குரோமட்டோகிராம் வரைபடத்தின் கோடு ஒடிந்த மாதிரி தெரியும்.

சரியான கணக்கு, ஜன்னல் கம்பிக்கு வெளியே தெரியும் காட்சியைப் போல. கம்பி மறைக்கும் பகுதி இருக்கிறது, நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். படத்தை 2930 மி.மீ. அகலத்துக்குச் செய்ய வேண்டும்: மூன்று 950, நடுவில் இரண்டு 40. பிறகு 0-லிருந்து 950 வரை முதல் துண்டு, 990-லிருந்து 1940 வரை இரண்டாவது, 1980-லிருந்து 2930 வரை மூன்றாவது. நடுவே உள்ள இரண்டு 40 மி.மீ. கீற்றையும் தூக்கிப் போட்டுவிடலாம். ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு பக்கமும் 10 மி.மீ. கூடுதல் விட்டு அச்சடித்து, சுவரில் ஒட்டிய பிறகு தூண் ஓரமாகக் கட்டரால் வெட்டிக்கொள்ள வேண்டும். படத்துக்கு இது போதும், எழுத்துக்குப் போதாது. எழுத்தில் 40 மி.மீ. மறைந்தால் ஓர் எழுத்தில் பாதி போய்விடும். சொற்களுக்கு இடையே உள்ள வெளி தூண் மேல் விழும்படி அமைக்க வேண்டும். 120 மி.மீ. எழுத்தில் ஒரு பலகைக்கு 11 எழுத்து கொள்ளும் என்பதை வாசகம் எழுதும்போதே நினைவில் வைத்தால் பிறகு மல்லுக்கட்ட வேண்டாம்.

தூணே வேண்டாம் என்றால் இரண்டு வழி. ஒன்று, சுவருக்கு முன்னால் மரச்சட்டமோ இரும்புக் குழாய்ச் சட்டமோ நிறுத்தி அதில் ஃபிளெக்ஸை இழுத்துக் கட்டுவது. மலிவு, ஆனால் ஏசி ஹாலில் சுருங்கி, கடைசி நாள் அலையலையாக நிற்கும். சால்வென்ட் மை வாடையும் இரண்டு நாள் போகாது. இரண்டாவது, விளிம்பில் சிலிக்கான் பட்டை தைத்த துணியை அலுமினியச் சட்டத்தின் பள்ளத்தில் அழுத்திச் செருகுவது. விலை அதிகம். ஆனால் துணியை மடித்துப் பெட்டியில் போட்டு ரயிலில் கொண்டுபோகலாம், அடுத்த கண்காட்சிக்குச் சட்டம் அப்படியே இருக்கும், துணி மட்டும் மாறும். ஆண்டுக்கு மூன்று நான்கு கண்காட்சி போகிற கம்பெனிக்கு இதைத்தான் சொல்வேன். மடிப்புச் சுருக்கத்தை ஸ்டீமர் கொண்டு எடுத்துவிடலாம், இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். உள்ளே எல்இடி வைத்த லைட்பாக்ஸ் என்றால், பின்னொளிக்கென்று மை அடர்த்தி கூட்டி அச்சடித்த துணி வேண்டும். சாதாரணத் துணியைப் போட்டால் படம் வெளுத்துப்போகும்.

வினைல் என்றால் சால்வென்ட் அச்சு குறைந்தது ஒரு நாள் காய்ந்த பிறகே லாமினேஷன் செய்ய வேண்டும். அவசரத்தில் உடனே போட்டால் உள்ளே சிக்கிய சால்வென்ட் குமிழியாகும், ஓரம் சுருண்டு பிரியும். லாமினேஷன் மேட்டாக இருக்கட்டும். ஃபேசியாவில் மாட்டிய ஸ்பாட்லைட் நேராகப் பின்சுவரைத்தான் பார்க்கிறது. கிளாஸ் என்றால் தலைப்பின் நடுவே ஒரு வெள்ளை வட்டம் எரியும். அதே விளக்கு நிற்பவர்களின் நிழலையும் சுவரில் விழவைக்கும். முடிந்தால் பின்சுவரின் மேல் விளிம்பிலேயே நீட்டுக்கை விளக்கு கேட்டு வாங்குங்கள். 4000 கெல்வின் வெள்ளை நல்லது. மஞ்சள் விளக்கில் ஸ்டீல் பித்தளையாகத் தெரியும்.

நிறத்தில் ஒரே ஒரு விஷயம். அடர்நீலம் வேண்டுமென்று சயான், மெஜந்தா என்னும் இரண்டு மையும் 100, 100 சதம் கொடுத்தால் சுவர் கத்தரிப்பூ நிறத்தில் வந்து நிற்கும். மெஜந்தாவை 30 புள்ளியாவது குறைக்க வேண்டும். அதைவிட, நீலமே வேண்டாம் என்பது என் கட்சி. கருவி ஹாலில் பத்துக்கு ஏழு ஸ்டால் நீலமும் வெள்ளையும்தான். வெளிர்சாம்பல் பின்புலத்தில் கரும்பச்சையோ செங்கல் நிறமோ வைத்த சுவர் தூரத்திலேயே தனியாக நிற்கும்.

கோப்பு அனுப்பும்போது: 2930-க்கு 2350 மி.மீ. சுவர், அங்குலத்துக்கு 100 பிக்சலில் 11,535-க்கு 9,252 பிக்சல் வரும். நான்கு நிறத்தில் திறந்தால் 43 கோடி பைட். இது சமாளிக்கக்கூடிய அளவுதான். ஆறு மீட்டர் சுவர் என்றால் வழக்கமான பிடிஎஃப்பின் 200 அங்குல எல்லையை, அதாவது 5.08 மீட்டரை, தாண்டிவிடும். பத்தில் ஒரு பங்கு அளவில் 1000 பிக்சலாகச் செய்து, கோப்பின் பெயரிலேயே "பத்தில் ஒன்று" என்று எழுதிவிட வேண்டும்.

சான்றிதழ் முத்திரைகள்

இதைக் கம்பெனியோடு சண்டை போட்டாவது குறைக்க வேண்டும். ஐஎஸ்ஓ 9001 என்பது நிர்வாக முறைக்குக் கொடுக்கும் சான்று. கருவிக்கு மேல் அந்த முத்திரையைப் பதித்தால் கருவிக்கே சான்று கிடைத்த மாதிரி ஆகும். ஐஎஸ்ஓ அமைப்பின் சொந்த லோகோவை யாருமே போடக் கூடாது. என்ஏபிஎல் என்னும் இந்திய வாரியத்தின் அங்கீகாரம் சோதனைச் சாலைக்கும், கருவி காட்டும் அளவைச் சரிபார்க்கும் அளவீட்டுச் சாலைக்கும் உரியது. கருவி செய்பவர் தன் கருவி மேல் அதை ஒட்ட முடியாது. "என்ஏபிஎல் ஆய்வகத்தில் அளவீடு செய்தது" என்று எழுதலாம், அது உண்மையாக இருந்தால். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் பார்ட் 11 மின்னணுப் பதிவுக்கும் கையொப்பத்துக்கும் உரிய விதி. அதற்கு எஃப்டிஏ யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. மென்பொருளில் ஆடிட் டிரெயில் (யார், எப்போது, என்ன மாற்றினார் என்ற பதிவு) இருக்கிறது, ஆளாளுக்குத் தனிப் பாஸ்வேர்டு இருக்கிறது என்று வசதியைச் சொல்வதே சரி. மருந்துக் கம்பெனி ஆட்களுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

வெளிநாடு போகிறவர்களுக்கு ஒரு தகவல். 1968 முதல் மியூனிக்கில் நடந்துவரும் அனலிட்டிகா போன்ற கண்காட்சிகளில் துணிக்கும் பலகைக்கும் எளிதில் தீப்பற்றாத் தன்மைச் சான்று கேட்பார்கள். ஜெர்மனியில் வழக்கமாகக் கேட்பது டின் 4102 பி1, அமெரிக்காவில் என்எஃப்பிஏ 701. உள்ளூர் ஃபிளெக்ஸைச் சுருட்டிக்கொண்டு போனால் ஹாலுக்குள் விடாமல் போகலாம். துணி வாங்கும்போதே சான்றையும் சேர்த்து வாங்கிவிட வேண்டும்.

க்யூஆர் கோடு வைப்பதென்றால் பக்கச் சுவரில், 1.2 மீட்டர் உயரத்தில், கருவி மறைக்காத இடத்தில் இருக்கட்டும். படிக்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு: ஒன்றரை மீட்டருக்கு 15 செ.மீ. முழு முகவரியையும் அதற்குள் திணித்தால் புள்ளிகள் பொடியாகி, பழைய போனில் எடுக்காது. சின்ன இணைப்பு ஒன்று போதும். சுற்றிலும் நான்கு புள்ளி அகலத்துக்கு வெள்ளை விட வேண்டும்.

மாட்டும் நாள்

ஹாலை முந்தைய நாள்தான் கையில் கொடுப்பார்கள். முதல் வேலை, பலகையின் நிஜ அளவை மூன்று இடத்தில் அளப்பது. கட்டர், புது பிளேடு, ஸ்க்வீஜி, ஸ்டீல் ஸ்கேல், ரசமட்டம், இரு பக்க டேப், வெல்க்ரோ, ஹேர் டிரையர், ஈரத்துணி, ஒரு ஸ்டெப் ஏணி. ஏணி அங்கே கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நடுப் பலகையின் வினைல் மட்டும் ஒன்று கூடுதலாக அச்சடித்து எடுத்துப் போவது நல்லது. தலைப்பின் முக்கியமான சொல் அதில்தான் இருக்கும், குமிழி வருவதும் அதில்தான். ஒட்டும்போது மேலே 10 செ.மீ. பின்தாளை மட்டும் உரித்து, ரசமட்டம் பார்த்துப் பதித்து, பிறகு கீழே இறக்க வேண்டும். மூன்று பலகையில் நடுவிலுள்ளதை முதலில் ஒட்டினால் கோணல் இரண்டு பக்கத்துக்கும் பங்காகிவிடும்.

மின்சாரம் பேக்டிராப் வேலை இல்லை என்று விட்டுவிடக் கூடாது. 2 கிலோவாட் ஹாட் ஏர் ஓவன் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். 5 ஆம்பியர் பிளக்கில் போட்டால் ட்ரிப் ஆகி, லைட்பாக்ஸும் சேர்ந்து அணையும். தனி இணைப்புக்கு முன்பே படிவம் கொடுக்க வேண்டும். இரவில் ஹாலில் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. சேம்பரும் டீப் ஃப்ரீசரும் காட்டும் ஸ்டாலுக்கு 24 மணி நேர இணைப்பு தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வாங்காவிட்டால் காலை பத்து மணிக்கு முதல் ஆள் வரும்போது, சுவரில் மைனஸ் 80 என்று ஓரடி உயரத்தில் எழுதியிருக்கும், கருவியின் திரை மைனஸ் 12 காட்டிக்கொண்டிருக்கும்.

ஷெல் ஸ்கீம் பலகை காண்டிராக்டருக்குச் சொந்தம். ஆணி, ஸ்க்ரூ, பெயின்ட் எதுவும் கூடாது, சேதமானால் பலகைக் கணக்கில் காசு பிடிப்பார்கள். எளிதில் உரியும் பசை உள்ள வினைல் வாங்கினால் கடைசி நாள் மாலை வேலை சுளுவாக முடியும். சாதாரண வினைல் என்றால் ஹேர் டிரையரால் மேல் மூலையைச் சூடு பண்ணி, சுவரை ஒட்டியபடியே கீழ்நோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று வெளிப்பக்கம் இழுத்தால் பசை பலகையிலேயே தங்கிவிடும். பலகையை ஒப்படைக்கும்போது காண்டிராக்டரின் ஆளைக் கூப்பிட்டுக் காட்டி, போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பில் வருவது பத்து நாள் கழித்துத்தான்.